பூக்காரி எழும்பவில்லை

1

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் அக்கா கண்ணை மூடிய பிறகு அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான் வளர்ந்தார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் ஐந்து என்கிறேன். ஐந்து பேரும் படித்தார்கள். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், இங்கே யார் என்னை அவசரப்படுத்துகிறார்கள்?

என் பேர் காமாட்சி. கண்டி டவுனில் கோயில் வாசலில் பூ வாங்கியவர்கள் என்னை மறந்திருக்க மாட்டார்கள். இப்போது பர்மிங்ஹாமில் என் மகள் ராணி வீட்டில் இருக்கிறேன்.

போன வாரம் கடுகண்ணாவையிலிருந்து என் தம்பி மகன் போனில் பேசினான். சாப்பிட்டீங்களா, குளிரா என்று என்னென்னவோ கேட்டுவிட்டு, கடைசியில் இழுத்தான்.

"அத்த, ஒன்னு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுப்பா."

"அங்கன ஒங்கள யாரும் பாக்குறது இல்லையா?"

"ஏன், ஒனக்கு யாரு என்னா சொன்னா?"

"இல்லத்த, ஒரு போட்டோ வந்திச்சு. நீங்க ரோட்டோரத்துல பூ கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. அம்மா எல்லாருக்கும் காட்டுறாங்க."

அம்மா என்றால் பாக்கியம். என் தம்பி பொஞ்சாதி. கண்டிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கெல்லாம் போனைத் திறந்து காட்டுகிறாளாம். "பாருங்க எங்க மதினிய. சீமைக்குப் போயும் பூக்காரிதான். புள்ளைங்க சோறு போடல போல" என்கிறாளாம்.

போட்டோ உண்மைதான். என் பேத்தி எடுத்தது. ஆனால் போட்டோவுக்கு வாய் கிடையாது. அதனால் நான் பேசுகிறேன். பாக்கியம், உன்னிடம் சண்டைக்கு வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். சொன்ன பிறகு நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

2

நான் தெல்தெனியப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். கல்யாணம் கட்டி வந்தது கடுகண்ணாவைக்கு. என் வீட்டுக்காரர் மாநகர சபையில் வேலை செய்தார். அவர் சம்பளம் அரிசிக்குச் சரியாக இருந்தது. பிள்ளைகளின் புத்தகத்துக்கும் காலுக்குப் போடுகிற சப்பாத்துக்கும் யார் கொடுப்பது? அப்போதுதான் கூடையைத் தூக்கினேன்.

விடியும் முன் பஸ் ஏறுவேன். மடியில் பூக்கூடை, காலடியில் தண்ணீர் வாளிக்குள் வாழைநார். நார் ஊறினால்தான் வளையும், காய்ந்தால் கையை அறுக்கும். கோயில் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் பகல் பூசை முடிந்து வெயில் சாயும்வரை எழும்ப மாட்டேன். மல்லிகை, செவ்வந்தி, அரளி, துளசி. புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் போகிற சிங்களச் சனங்களும் என்னிடம் வாங்குவார்கள். "அம்மே, மல் வட்டியக் தென்ன" என்பார்கள், ஒரு தட்டுப் பூ கொடு என்று. தட்டில் தாமரையை அடுக்கிக் கொடுப்பேன்.

இரண்டு பக்கத்துக்கும் சட்டம் ஒன்றுதான். சாமிக்குப் போகிற பூவை மனுசன் மூக்கில் வைக்கக் கூடாது. சிவனுக்குக் கொண்டு போகிறவனும் மணக்க மாட்டான், புத்தருக்குக் கொண்டு போகிறவளும் மணக்க மாட்டாள். அதை நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டி வந்ததில்லை. பால்குடிப் பிள்ளை எட்டிப் பிடித்தாலும் தாய்க்காரி கையைத் தட்டிவிடுவாள்.

அந்தக் கூடைதான் ஐந்து பேருக்கும் சோறு. ஆனால் ராணிக்கு அது பிடிக்காது. டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டுத் தோழிப் பிள்ளைகளோடு வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கமாகவே போவாள். நான் பார்ப்பேன். கூப்பிட மாட்டேன். சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

3

இங்கே வருவதற்கே என் விரல் விடவில்லை. விசாவுக்குக் கைரேகை வேண்டும் என்றார்கள். கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மிஷினுக்கு ஒன்றும் தெரியவில்லை. துடைத்து வைத்தேன், தெரியவில்லை. அங்கே இருந்த பெண் என் விரலைப் பிடித்து அமுக்கி, திருப்பி, ஊதிப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, உங்களுக்கு ரேகையே இல்லையே. என்ன வேலை பார்த்தீங்க?"

"சின்ன வயசுல கொழுந்து பறிச்சேன், பொறகு பூ கட்டுனேன்" என்றேன்.

நார் இழுத்து இழுத்துப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் வழுவழுவென்று போய்விட்டன. ராணி கந்தோர் கந்தோராக, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, ஒரு மாதிரியாக என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டாள். அதையும் இங்கே எழுத வேண்டும். என்னைக் கைவிட்ட பிள்ளை அவ்வளவு அலைய மாட்டாள்.

வந்த பிறகு ஒரு குறையும் இல்லை. அறை சூடாக இருக்கிறது. காலையில் மருமகன் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். ராணிக்கு உள்ளூராட்சிக் கந்தோரில் உத்தியோகம். என் பேத்தி தர்ஷி பள்ளிக்கூடம் போவாள். கதவு சாத்தப்பட்ட பிறகு நானும் கைகளும் மட்டும். கடையில் வாங்கிய கீரைக் கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, கீரையை நூலால் கட்டி வைப்பேன். ராணி வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா இது?" என்பாள். ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியாது. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ராணி தர்ஷியிடம் தமிழில் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் வரும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். என்னோடு பேசும்போது மட்டும் கஷ்டப்பட்டுத் தமிழைத் தேடி எடுத்துப் பேசுவாள். தாய் வந்தவுடன் பழையபடி இங்கிலீஷ்தான். இரண்டு பேரும் என் முன்னால் வேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்ப்பது மாதிரி.

4

இந்தக் கோடையில் ராணி லீவு எடுத்து எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. வேல்ஸ் என்கிற நாட்டுப் பக்கம், ஒரு சின்ன ஊர். நான் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் பக்கத்து விக்டோரியா அணைக்கட்டுத் தண்ணீர்தான். பழைய தெல்தெனிய டவுனையே விழுங்கியது அது. இந்தக் கடல் அப்படியில்லை. காலையில் வருகிறது, பகலில் வெகுதூரம் பின்னால் போய்விடுகிறது, பிறகு திரும்ப வருகிறது. பாறையில் கடல்நாய்கள் படுத்துக் கிடக்கின்றன. மணல்மேட்டில் ஊதாப் பூ. பறிக்கக் கூடாது என்று பலகை, அதுவும் இரண்டு மொழியில். நம் ஊர்ப் பலகை ஞாபகம் வந்தது.

"இவங்களுக்குன்னு தனிப் பாஷை இருக்கும்மா" என்றாள் ராணி. "வெளியாளுங்க வந்து வீடெல்லாம் வாங்கிட்டாங்கன்னு கோவத்துல இருக்காங்க."

"கோவம் வரத்தானே செய்யும்" என்றேன்.

ஊரே கைவேலைதான். ஒரு வீட்டில் மண்பாத்திரம், ஒரு வீட்டில் கம்பளி, கரை ஒதுங்கிய கட்டையில் பறவை செய்கிற ஒருவர். நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரி மேகன். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருப்பாள். வளையும் குச்சிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூடை பின்னுகிறாள். அந்தத் தொட்டியைப் பார்த்தவுடன் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பாஷை இல்லாமலே பேசினோம். அவள் குச்சியை வளைத்துக் காட்டினாள், நான் தலையை ஆட்டினேன்.

அவள் தோட்டத்தில் துலுக்கச் செவ்வந்தி மாதிரி ஒரு மஞ்சள் பூவும், கொடியில் பட்டாணிப் பூ மாதிரி ஒன்றும் கொட்டிக் கிடந்தன. பறிக்கலாமா என்று கையால் கேட்டேன். பறி என்றாள். கூடையில் கைப்பிடி கட்டுகிற நார் ஒன்று வைத்திருந்தாள். நானும் அதை ஊறப்போட்டேன். வாழைநார் அளவு இல்லை, ஆனாலும் சொன்னபடி கேட்டது. அன்று பின்னேரம் மேகன் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தர்ஷியிடம் ஏதோ சொன்னாள்.

"அம்மாச்சி, சனிக்கிழமை சந்தையில அவங்க மேசையில நீங்களும் உக்காருவீங்களான்னு கேக்கிறாங்க. பூ கட்டி விக்கிறதுக்கு."

நான் வாயைத் திறக்குமுன் ராணி சொல்லிவிட்டாள்.

"வேணாம்மா. லீவுக்கு வந்த எடத்துல மானத்த வாங்காதீங்க."

"பூ கட்டுனா மானம் போகுமா?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"வேற எப்பிடிச் சொன்ன?"

அவள் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினாள். நான் மேகனைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினேன்.

5

சந்தை படகுத்துறையில். மேகன் உட்கார ஒரு கதிரை போட்டுத் தந்தாள். பழக்கத்தில் சாமிக்கென்றும் கட்டிவிட்ட மாலைகளைக் கூடைக்குள் ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். தலைக்கு வைக்கிற சரத்தை மேசையில் பரப்பினேன். தர்ஷி என் பக்கத்தில் நின்றாள். ராணி தூரத்தில் கடலைப் பார்த்தபடி.

முதலில் ஒரு பெண் நாயோடு வந்தாள். மேசையில் எவ்வளவோ சரம் கிடக்க, துணியை விலக்கிக் கூடையிலிருந்து மாலையை எடுத்து நேரே மூக்கில் வைத்து இழுத்தாள். கையை நீட்டி அதைப் பிடுங்கிவிட்டேன்.

"அம்மாச்சி, என்ன செய்றீங்க? அவங்க வாங்க வந்தவங்க."

"மூக்குல வச்சிட்டாளே."

"பூன்னா மணக்கத்தானே?"

"தலைக்கு வைக்கிறத மணக்கட்டும். இது சாமிக்குக் கட்டுனது. அவருக்கு முந்தி நம்ம மணக்கலாமா? சொல்லு அவகிட்ட."

தர்ஷி சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தெரியாமல் செய்துவிட்டேன், இனி என்ன செய்வது என்று உண்மையான கவலையோடு கேட்டாள். பாவமாகிவிட்டது. "இனி இது ஒன்னோடது, சும்மா எடுத்துக்கிட்டுப் போ" என்று கையில் கொடுத்தேன். அவள் அதைக் கொண்டுபோய் நாயின் கழுத்தில் போட்டாள். போடட்டும். பைரவருக்கும் மாலை போடுகிறோம்தானே.

அதற்குப் பிறகு வந்தவர்கள் கூடைப் பக்கம் குனியும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சிரிப்பும் பேச்சுமாகக் கூட்டம் சேர்ந்தது. அந்த நேரத்தில்தான் சந்தைக்குப் பொறுப்பானவர் வந்தார். உயரமான மனுசன், சிவப்பு ஸ்வெட்டர். மேகனிடம் அவர்கள் பாஷையில் பேசினார். மேகன் முகம் சிவந்தது. பிறகு தர்ஷியிடம் மெதுவாக இங்கிலீஷில் சொன்னார்.

"அம்மாச்சி, இங்க இந்த ஊர் ஆட்கள் செஞ்ச சாமான் மட்டும்தான் விக்கலாமாம். வெளியில இருந்து வர்றவங்க ஃபாக்டரி சாமானக் கொண்டுவந்து இந்த ஊர்ச் சாமான்னு வித்திருக்காங்களாம். அதனால ரூல். நீங்க இந்த ஊர் இல்லைன்னு சொல்றாரு."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் பக்கத்து நியாயமும் எனக்கு விளங்கியது. ஆனால் அந்தச் சொல் இருக்கிறதே. நீங்கள் இந்த ஊர் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் அப்பா பிரஜாவுரிமைக்கு ஒரு கந்தோருக்குப் போனார். நானும் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். உன் அப்பன் எங்கே பிறந்தான், அவன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டார்கள். நீ இந்த ஊர் இல்லை என்றார்கள். அவர் அந்த மலையிலேயே பிறந்து அந்த மலையிலேயே கொழுந்துச் சாக்குத் தூக்கியவர். "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த மர வாங்கிலிலிருந்து எழும்பினார். அவர் எழும்பிய விதத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராணி ஓடி வந்தாள். "எந்திரிங்கம்மா, போவோம்."

நான் எழும்பவில்லை.

"ராணி, நான் சொல்றத அவருகிட்டச் சொல்லு. பூ இந்த ஊரு மண்ணுல பூத்தது. நாரு மேகன் ஊட்டு நாரு. கட்டுன கையி இந்தா இங்கதான் இருக்கு. இதுல எது வெளியூருன்னு காட்டச் சொல்லு. அத மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

ராணி அவரிடம் ஏதோ சொன்னாள். சின்னதாக. அவர் தலையை ஆட்டினார்.

தர்ஷி என் தோளைத் தொட்டாள். "அம்மாச்சி, நீங்க சொன்னத அம்மா சொல்லல. 'சாரி, இப்ப போயிடுவோம்'னு சொன்னாங்க."

நான் ராணியைப் பார்த்தேன்.

"நான் சொன்னதச் சொல்லு. ஒன் வாயால சொல்லு."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பூ வாங்க வந்தவங்க பாக்காம என்னா செய்வாங்க?"

"ஸ்கூலுல பட்டது போதாதா எனக்கு?" அவள் குரல் மேலே போனது. சுற்றி நின்றவர்களுக்குப் பாஷை விளங்காது, ஆனால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். "பூக்காரி மக, பூக்காரி மகன்னு எத்தன வருசம். இங்க வந்துமா?"

அத்தனை வருடம் வீட்டில் பேசாததை அவள் அந்தப் படகுத்துறையில் வைத்துப் பேசினாள். எனக்குக் கண் கலங்கியிருக்கலாம், ஆனால் அதைத் துடைக்கிற நேரம் அது இல்லை.

"ஆமா. பூக்காரி மகதான் நீ. அதுக்கு என்னா இப்ப?"

அவள் என் விரல்களைப் பார்த்தாள். நான் அடுத்த பூவை எடுத்து நாரில் வைத்து இழுத்தேன். முடிச்சு சரியாகத்தான் விழுந்தது.

பிறகு அவள் அந்த மனுசன் பக்கம் திரும்பினாள். பேசினாள். இந்தத் தடவை சின்னதாக இல்லை. நீளமாக, நிறுத்தாமல், என் பக்கம் கையைக் காட்டி, தன் நெஞ்சில் கையை வைத்து. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தர்ஷியின் சட்டையை இழுத்தேன்.

"என்னாடி சொல்றா?"

தர்ஷி தாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "நீங்க பூவப் பத்திச் சொன்னத அப்பிடியே சொல்றாங்க. பொறகு... 'என்ட அம்மா பூக்காரி. பூ வித்துத்தான் அஞ்சு பேரையும் படிப்பிச்சாங்க. நான் ரோட்டுக்கு மத்தப் பக்கத்தால போவேன். இன்டைக்கு அவங்க எழும்ப மாட்டாங்க. நானும் எழும்பச் சொல்ல மாட்டேன்'னு சொல்றாங்க."

அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ. தர்ஷி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அதனால்தான் ஓரம் கொஞ்சம் சரிந்திருக்கிறது.

6

அந்த மனுசன் கெட்டவர் இல்லை. உட்கார்ந்து கட்டலாம், விற்கக் கூடாது, ரூலை நான் ஒருவனாக மாற்ற முடியாது என்றார். சரி என்றேன். சந்தை கலையும்வரை உட்கார்ந்து கட்டினேன். காசை நீட்டியவர்களுக்கு அவரைக் கையால் காட்டினேன். அவர்கள் எல்லோரும் அவரிடம் போய்க் கேட்க, மனுசனுக்கு அன்று நல்ல வேலைதான். ராணி எனக்குப் பக்கத்தில் மேகனின் கூடைகளுக்கு நடுவே நின்றாள். யார் வந்து கேட்டாலும் அவளே பதில் சொன்னாள். கண்டி எங்கே இருக்கிறது என்று ஒரு கிழவருக்கு மேசையில் விரலால் வரைந்து காட்டினாள்.

கடைசியில் சாமி மாலைகள் கூடையில் மிஞ்சின. கட்டிய பூவை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகிற பழக்கம் எனக்கு இல்லை. கண்டியில் என்றால் கோயிலுக்குள் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். இங்கே கோயில் எது? துறைக்கு மேலே ஒரு சின்ன மாதா கோயில் பூட்டிக் கிடந்தது. கேட்டால் அதன் சாவியும் சிவப்பு ஸ்வெட்டர்காரரிடம்தான். சின்ன ஊரில் எல்லா வேலையும் ஒரே ஆளுக்குத்தானே.

அவரே கூடையை வாங்கிக்கொண்டு படி ஏறினார். கையை நன்றாக முன்னால் நீட்டி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மூக்கில் வாசம் படாமல் அவ்வளவு கவனமாகக் கொண்டுபோனார். நானும் ராணியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அப்படி நாங்கள் சிரித்து எத்தனையோ காலம்.

ஆகவே பாக்கியம், இதுதான் போட்டோவின் கதை. என்னை யாரும் ரோட்டில் விடவில்லை. நானாகப் போய் உட்கார்ந்தேன், எழும்பச் சொன்னபோது எழும்பவில்லை. அடுத்த கோடைக்கும் மேகன் வரச் சொல்லியிருக்கிறாள். ரூலை மாற்றுவார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மாற்றாவிட்டாலும் கட்டுவேன். கண்டி பஸ்ஸில் நீ அந்தப் போட்டோவைத் தாராளமாகக் காட்டு. காட்டும்போது என்னை மட்டும் காட்டாதே. பக்கத்தில் கையை நீட்டிப் பேசிக்கொண்டு நிற்கிறாளே, அவளையும் காட்டு. அவள்தான் பூக்காரி மகள்.

தர்ஷி, எழுதி முடித்துவிட்டேன். இங்கே வா, இப்படி உட்கார். முதலிலிருந்து சத்தமாக வாசி, மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிற உன் அம்மாவுக்கும் கேட்கட்டும். பூக்காரி என்று வருகிற இடத்தையெல்லாம் அவள் வெட்டச் சொன்னால் வெட்டாதே. ஆனால் அவள் சொல்ல மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். வாசி, பார்ப்போம்.